நனைந்த கூடாரம்

வேலூர்க் கோட்டையைச் சுற்றியே வளர்ந்த நமக்கு, திப்பு சுல்தானின் பிள்ளைகள் அங்கே காவலில் இருந்த கதையை யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. 1799 மே 4 அன்று ஸ்ரீரங்கப்பட்டணம் விழுந்தது. குடும்பத்தை வேலூருக்குக் கொண்டுவந்தார்கள். 1806 ஜூலைச் சிப்பாய்ப் புரட்சிக்குப் பிறகு கல்கத்தாவுக்கு அனுப்பினார்கள். ஆனால் திப்புவின் கூடாரம் என்ன ஆயிற்று என்று நான் யோசித்ததே இல்லை. போன வருஷம் வேல்ஸில் மழையில் நனைந்தபடி அதைத் தெரிந்துகொண்டேன்.

மகள் குடும்பம் பர்மிங்காமில் இருக்கிறது. காருக்குப் பின்னால் மாட்டி இழுத்துப்போகும் கேரவன் ஒன்றைப் பழையதாக வாங்கியிருக்கிறார்கள். உள்ளே நாலு பேர் படுக்கலாம். ஐந்தாவது ஆளுக்கு நிற்கக்கூட இடமில்லை. அதனால் பக்கத்தில் 'ஆனிங்' என்று ஒரு துணி அறையைச் சேர்த்துக்கொள்கிறார்கள். நம் வீட்டுத் திண்ணை மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்.

கேரவனின் பக்கவாட்டில் ஒரு முனையில் ஏறி, கூரையோரமாகப் போய், மறுமுனையில் இறங்கும் காடி ஒன்று உண்டு. தரையிலிருந்து அந்தக் காடி வழியாக மறுபடி தரை வரைக்கும் எத்தனை சென்டிமீட்டர் என்று அளந்துதான் ஆனிங் வாங்கவேண்டும். துணியின் விளிம்பில் கயிறு வைத்துத் தைத்திருக்கிறது. அதைக் காடிக்குள் நுழைத்து ஒருவர் இழுக்க, இன்னொருவர் சுருக்கம் விழாமல் ஊட்டிக்கொண்டே வரவேண்டும். அவசரப்பட்டால் கிழியும். மாப்பிள்ளை இழுத்தார், நான் ஊட்டினேன். பிறகு உள்ளே கம்பிகள், வெளியே முளைகள், கயிறுகள். முளை அடிப்பது மட்டும் எனக்குப் பழகிய வேலை. முகாம் உத்தியோகத்தில் பாதி ஆயுள் போனவன் அல்லவா!

நாங்கள் தங்கிய இடம் வெல்ஷ்பூலுக்குப் பக்கம். அங்கே பொவிஸ் கோட்டை என்று ஒரு சிவப்புக் கல் கோட்டை. 1798இல் சென்னைக்குக் கவர்னராக வந்த எட்வர்ட் கிளைவ், நமக்குத் தெரிந்த ராபர்ட் கிளைவின் மகன். அவர் மனைவி ஹென்றியெட்டாவின் பிறந்த வீடு இந்தக் கோட்டை. அந்த அம்மாள் 1800இல் இரண்டு பெண்களையும் கூட்டிக்கொண்டு யானை, மாடு, கூடாரம், பியானோ சகிதம் ஸ்ரீரங்கப்பட்டணம், திருச்சி, தஞ்சாவூர் என்று ஏழு மாதம் சுற்றியிருக்கிறார். கேரவன்காரர்களுக்கெல்லாம் பாட்டி!

திப்புவின் கூடாரம் இந்தக் கோட்டைக்குத்தான் வந்து சேர்ந்தது. வெள்ளைப் பருத்தியில் பூ எழுதிய சீட்டித் துணி. வளைவு வளைவாக மாடங்கள், மாடத்துக்கு ஒரு பூச்சாடி. 1725க்கும் 1750க்கும் இடையில் செய்தது என்று கணித்திருக்கிறார்கள். அதாவது திப்புவைவிட அதற்கு வயது அதிகம். கொள்ளைப் பொருள்தான், அதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது. ஆனால் அன்று என்னை நிறுத்தியது வேறு விஷயம். பிற்காலத்தில் கோட்டைக்காரர்கள் இதைத் தோட்ட விருந்துகளுக்குப் பந்தலாகப் போட்டிருக்கிறார்கள். வேல்ஸ் மழையில், பருத்தித் துணியை! அப்படியும் பூ கலையாமல் இருக்கிறது என்றால், ஒவ்வொரு தடவையும் யாரோ ஒரு வேலைக்காரர் அதைப் பிரித்துக் காயவைத்துத்தான் மடித்திருக்கவேண்டும்.

பருத்திக் கித்தான் நனைந்தால் நூல் உப்பி, இழைகளுக்கு நடுவிலுள்ள துளைகள் அடைபடும். அதனால்தான் ஒழுகாது. உள்ளேயிருந்து விரலை வைத்தால் அந்த இடத்தில் சொட்டும். கயிறும் நனைந்தால் இறுகும்; படுக்குமுன் தளர்த்தாவிட்டால் முளையைப் பிடுங்கிவிடும். இதையெல்லாம் எனக்குச் சொல்லிக்கொடுத்தவர் ஒரு கலாசி.

1974. வேலைக்குச் சேர்ந்த புதிது. ஜவ்வாது மலை அடிவாரத்தில் முகாம், ஐப்பசி மழை. தீபாவளிக்கு ஊருக்குப் போகிற அவசரத்தில், நனைந்த கூடாரத்தை அப்படியே சுருட்டச் சொன்னேன். "ஒரு நாள் வெயில் காட்டிடலாங்க சார்" என்றார். நான் கேட்கவில்லை. பொங்கல் கழித்துப் பிரித்தபோது முழுக்கக் கறுப்புப் பூசணம். அழுத்தினால் விரல் உள்ளே போயிற்று. விசாரணையில், கூடாரத்தைப் பராமரிப்பது கலாசியின் பொறுப்பு என்று எழுதி, அவர் சம்பளத்தில் மாதாமாதம் பிடித்தார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் கடைசிவரை என்னிடம் அதைப் பற்றிப் பேசவில்லை. இப்போது அவர் இல்லை.

வேல்ஸிலிருந்து கிளம்பிய ஞாயிற்றுக்கிழமையும் மழை. மறுநாள் எல்லோருக்கும் வேலை, பள்ளிக்கூடம். ஈரமாகவே சுருட்டினோம். "இது பாலியஸ்டர், மக்காது மாமா" என்றார் மாப்பிள்ளை. துணி மக்காதுதான், ஆனால் அதில் ஒட்டிய அழுக்கிலும் தையல் நூலிலும் பூசணம் பிடிக்கும். வீடு சேர ராத்திரி பத்து மணி. நான் அதை இறக்கி, மாடிப்படிக் கைப்பிடியிலிருந்து சமையலறைக் கதவு வரைக்கும் விரித்துப் போட்டேன். மண்ணை வெறும் தண்ணீரில் நனைத்த பஞ்சால் துடைத்தேன். சோப்புத்தூள் போட்டால் நீர் ஒட்டாத பூச்சு போய்விடும். மகளுக்கு எரிச்சல். "காலையில பாத்துக்கலாம்ப்பா, படுங்க."

இரண்டு நாள் வீடு முழுக்க ஈர வாடை. மடிப்புகளைத் திருப்பித் திருப்பிப் போட்டுக்கொண்டிருந்தேன். ஏன் இந்தப் பிடிவாதம் என்று மகள் கேட்டாள், அவளிடம் சொல்லவில்லை. இங்கேதான் முதல் தடவையாக எழுதுகிறேன்.