அரிவாள் செல் இரத்தசோகை: நீலகிரி

அரிவாள் செல் இரத்தசோகை பெற்றோர் இருவரிடமிருந்தும் பிள்ளைக்கு வரும் பரம்பரை இரத்த நோய். தமிழ்நாட்டுச் சமவெளியில் அரிது. நீலகிரியின் இருளர், பணியர், குறும்பர் முதலிய பழங்குடியினரிடையே கூடுதலாகக் காணப்படுகிறது.

வரலாறு
சிகாகோ மருத்துவர் ஜேம்ஸ் ஹெரிக் 1910இல் இந்நோயை முதலில் விவரித்தார். 1952இல் ஹெர்மன் லேமனும் மேரி கட்புஷும் நீலகிரிப் பழங்குடியினரிடம் இதற்கான மரபணு இருப்பதை அறிவித்தனர். அதே ஆண்டில் அசாம் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடமும் அது கண்டறியப்பட்டது.

காரணம்
ஹீமோகுளோபினின் பீட்டா சங்கிலியில் 6ஆம் இடத்தில் குளூட்டாமிக் அமிலத்துக்குப் பதில் வாலின் அமைகிறது. ஆக்சிஜன் குறைந்தால் இந்த ஹீமோகுளோபின் இழைகளாகக் கோத்துக்கொள்ள, சிவப்பணு வளைந்து விறைத்து நுண்குழாய்களை அடைக்கிறது. 120 நாள் வாழவேண்டிய அணு 10 முதல் 20 நாளில் அழிகிறது. மரபணுவின் ஒரு பிரதி மட்டும் உள்ளவர் தாங்கி எனப்படுவார். அவருக்குப் பெரும்பாலும் தொல்லை இராது, கடும் மலேரியாவிலிருந்து ஓரளவு காப்பும் உண்டு. தாங்கிகள் இருவர் மணந்தால் ஒவ்வொரு பேற்றிலும் குழந்தைக்கு நோய் வர 25 விழுக்காடு வாய்ப்புண்டு.

அறிகுறிகள்
முதல் சில மாதங்கள் கருக்கால ஹீமோகுளோபின் குழந்தையைக் காக்கிறது. பிறகு கைகால் விரல் வீக்கம், கடும் எலும்பு வலி, கண்ணில் மஞ்சள், மண்ணீரல் வீக்கம், அடிக்கடி தொற்று ஆகியவை தோன்றும். சத்துக்குறைவு என்று எண்ணி இரும்புச்சத்து மாத்திரை மட்டும் கொடுப்பதால் இந்தச் சோகை தீராது.

கண்டறிதல்
முதல்கட்டமாகக் கரைதிறன் சோதனை செய்யப்படுகிறது. வேதிக்கரைசல் உள்ள குழாயில் சிறிது இரத்தத்தைக் கலந்து, பின்னால் கோடிட்ட அட்டையை வைத்துப் பார்ப்பார்கள். கோடுகள் தெளிவாகத் தெரிந்தால் அரிவாள் ஹீமோகுளோபின் இல்லை; கரைசல் கலங்கிக் கோடுகள் மறைந்தால் உண்டு. தாங்கியையும் நோயாளியையும் இச்சோதனை பிரித்துக் காட்டாது. அதற்கு எலெக்ட்ரோபோரெசிஸ் அல்லது எச்.பி.எல்.சி. என்னும் ஆய்வகச் சோதனை தேவை. ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைகளிடமும் அண்மையில் இரத்தம் ஏற்றிக்கொண்டவர்களிடமும் கரைதிறன் சோதனையை நம்ப முடியாது.

சிகிச்சை
ஹைட்ராக்சியூரியா கருக்கால ஹீமோகுளோபினைக் கூட்டி வலித்தாக்குதல்களைக் குறைக்கிறது. இதை உட்கொள்வோருக்கு அவ்வப்போது இரத்த அணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். ஃபோலிக் அமிலம், நிமோனியா தடுப்பூசி, சிறு குழந்தைகளுக்குப் பென்சிலின் ஆகியவையும் தரப்படும். வலி வந்தால் நீர்ச்சத்தும் வலிநிவாரணியும் போதலாம். காய்ச்சல் வந்தால் அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். கடும் நிலையில் இரத்தம் ஏற்றப்படும். நோயை முற்றாக நீக்க வல்லது எலும்பு மஜ்ஜை மாற்று, வேலூர் சி.எம்.சி. மருத்துவமனையில் இத்தகைய மாற்றுச் சிகிச்சை 1986இல் தொடங்கியது. மரபணுத் திருத்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டன் ஒப்புதல் அளித்தது.

தடுப்பும் பராமரிப்பும்
சிகிச்சை வாழ்நாள் முழுதும் தொடர்வதால், மருந்தும் பரிசோதனையும் குடியிருப்புக்கு அருகிலேயே கிடைக்கவேண்டியிருக்கிறது. கோத்தகிரியில் நீலகிரி ஆதிவாசி நலச் சங்கமும் கூடலூரில் அஸ்வினி அமைப்பின் ஆதிவாசி மருத்துவமனையும் இப்பணியைச் செய்கின்றன. 2023 ஜூலை 1 அன்று தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கம், தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில் 40 வயது வரையிலான 7 கோடிப் பேரைப் பரிசோதிக்கத் திட்டமிட்டது. சோதித்தவர்க்கு அவரது மரபணு நிலையைக் காட்டும் அட்டை வழங்கப்படுகிறது. மணம் பேசும் குடும்பங்கள் அதைப் பார்த்து, இருவருமே தாங்கிகளா என்பதை முன்கூட்டியே அறியலாம்.