ரேகைச் சட்டமும் போலீஸ் பதிவேடுகளும்

வேம்பாரினின்று வடக்கே சென்று, சாயல்குடி வழியாக உள்நாடு புகுவோர் கமுதி, முதுகுளத்தூர்ப் பகுதிகளை அடைவர். அப்பநாடென வழங்கும் அப்பிரதேசத்தில், 19 கிராமங்களிலிருந்த மறவர்மீது 1929-ல் குற்றப் பரம்பரைச் சட்டம் ஏவப்பட்டது. நம் முதியோர் அதனை ரேகைச் சட்டம் என்பர். அதன் வரலாற்றை நம் இளைஞர் அறிதல் அவசியமெனக் கருதி இதனை எழுதலானோம்.

1871-ல் வடநாட்டிற் பிறந்த இச்சட்டம், 1911-ல் திருத்தப்பெற்றுச் சென்னை மாகாணத்திற்கும் வந்தது. ஒருவன் களவு செய்தானா என்று அது கேட்பதில்லை. இன்ன குலத்திற் பிறந்தானா என்றே கேட்கும். பதிவேட்டிற் பெயர் ஏறியவன் விரல் ரேகை கொடுக்கவேண்டும். 10-ம் பிரிவின்படி, குறித்த வேளையில் ஆஜராகவும், வீடு மாறினாலும் வெளியூர் சென்றாலும் முன்னறிவிக்கவும் அவனைக் கட்டளையிடலாம். கல்யாணமாயினும் இழவாயினும், வேம்பார்க் கரையிற் கருவாடு வாங்கி வரும் சிறு காரியமாயினும், அக்கட்டளைக்கு விலக்கில்லை. மதுரை ஜில்லாவிற் பிறமலைக் கள்ளர் பட்ட பாடு இன்னும் கொடிது. ஆண்மக்கள் இரவிற் காவல் நிலையத்திலோ சாவடியிலோ படுக்கவேண்டும். வெளியூர் செல்வோர் கையில் ராத்திரிச் சீட்டு இருக்கவேண்டும். உசிலம்பட்டியை அடுத்த பெருங்காமநல்லூரார் ரேகை வைக்க மறுத்தனர். 1920 ஏப்ரல் 3-ந் தேதி போலீஸார் சுட்டதில் பலர் மாண்டனர். காயமுற்றோர்க்குத் தண்ணீர் கொண்டுசென்ற மாயக்காள் என்னும் மாதரசியும் உயிர் துறந்தாள்.

பலரும் கவனியாதது 17-ம் பிரிவு. ஆறு வயதுக்கு மேற்பட்டுப் பதினெட்டுக்கு உட்பட்ட பிள்ளைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து, தொழிற்பள்ளியிலோ சீர்திருத்தப் பள்ளியிலோ அடைக்கச் சர்க்காருக்கு அது அதிகாரம் கொடுத்தது. கானடா தேசத்திலும், ஆதிகுடிகளின் குழந்தைகளைப் பள்ளிக்கு அனுப்புவது 1920-ற் கட்டாயமாக்கப்பட்டு, விடுதிப்பள்ளியினின்று ஓடிய சிறுவரைக் குதிரைப் போலீஸார் பிடித்துக் கொணர்ந்தனர். கடல்கள் பல இடையிருந்தும் யுக்தி ஒன்றே. கள்ளர் சீரமைப்பு என்ற பெயரால் மதுரைப் பக்கத்தில் ஏற்பட்ட பள்ளிகளிலும் போலீஸ் அதிகாரிகளின் கை ஓங்கியிருந்தது. அப்பள்ளிகளால் எழுத்தறிவு பெற்றோர் மிகப் பலர். அதனை மறுப்பது நன்றியன்று. ஆயினும் தடியேந்திய கையே அரிச்சுவடியையும் நீட்டிற்று என்பதை மறைப்பதும் நியாயமன்று.

1934-ல் அபிராமத்தில் முத்துராமலிங்கத் தேவர் கூட்டிய மகாநாடு இச்சட்டத்தை நீக்கவேண்டுமென்று கோரிற்று. சென்னை மாகாணத்தில் அது 1947-ல் ஒழிந்தது. இந்தியா முழுவதிலும் 1952-ல்.

அப்பதிவேடுகள் நமக்கு அவமானச் சின்னங்களாதலின், அவற்றைக் கொளுத்துவதே தகும் என்பர் சிலர். நாம் அதற்கு இசையோம். அவை எழுதியவனுடைய மனத்தையே காட்டுவன. நம் பாட்டனாரின் குற்றத்தையல்ல. வராதவன் பெயருக்கு நேரே "ஆஜரில்லை" என்றெழுதுவான் ரோந்துக்காரன். அன்றிரவு அவன் மனைவி பிரசவ வேதனையிற் கிடந்ததை எழுதான். அக்குறையை நிரப்பவல்லது வீட்டு மூத்தோரின் வாய்மொழி ஒன்றே. அவர்களோ நாளுக்கு நாள் அருகி வருகின்றனர். ஆதலின் அங்கத்தினர் ஒவ்வொருவரும், ரேகை வைத்த முன்னோரின் பெயர், ஊர், ஆஜரான காவல் நிலையம், கேட்டறிந்த செய்திகள் ஆகியவற்றை எழுதி, பழைய சீட்டுகள் இருப்பின் நகலுடன், சங்கக் காரியதரிசிக்கு அனுப்புமாறு வேண்டுகிறோம். அசலை வீட்டிலேயே வைத்துக்கொள்க.