ஹீராஸ் அடிகளார் விட்டுச்சென்ற கருவி

வரலாற்றைப் போற்றுவோர் நம்மிடையே பலர். அதனைக் கற்போர் சிலர். அது எவ்வாறு எழுதப்படல் வேண்டும் என வினவுவோர் மிகச் சிலரே. இவ்வினாவை இந்திய மாணவர் முன் வைத்தவர்களுள் ஹென்றி ஹீராஸ் அடிகளார் குறிப்பிடத்தக்கவர். தமிழராகிய நாமோ அவரைச் சிந்துவெளி எழுத்தோடு மட்டுமே சேர்த்து நினைக்கின்றோம். இந்நினைவு அவருடைய தலையாய பணியை மறைத்துவிடுகின்றது.

1888ஆம் ஆண்டு ஸ்பெயின் நாட்டில் பிறந்த இவ்வியேசு சபைத் துறவி, 1922இல் பம்பாய் வந்து புனித சவேரியார் கல்லூரியிற் பணியேற்றார். எவ்வரலாற்றைக் கற்பிப்பீர் என்று கேட்கப்பட்டபோது, தாம் அறியாத இந்திய வரலாற்றையே அவர் தேர்ந்துகொண்டார் என்பர். கற்பிப்பவனும் மாணவனே என்ற உணர்வு அத்தேர்விலேயே புலப்படுகின்றது. 1926இல் இந்திய வரலாற்று ஆராய்ச்சி நிலையத்தை நிறுவினார். வரலாறு எழுதும் முறைபற்றி இந்திய மாணவர்க்கென ஒரு நூலும் அவ்வாண்டிலேயே வெளியிட்டார்.

இதன் சமூகப் பொருளை நாம் உணர்தல் வேண்டும். அக்காலக் கல்லூரிகளில் வரலாறு பெரும்பாலும் பாடநூலை மனனஞ் செய்து ஒப்புவிக்கும் பாடமாகவே இருந்தது. ஆள்வோர் எழுதியதை ஆளப்பட்டோர் திருப்பிச் சொல்லினர். அடிகளாரோ கல்வெட்டு, செப்பேடு, நாணயம், பழங்கடிதம் ஆகிய மூலச் சான்றுகளிடம் மாணவரை அனுப்பினார். விஜயநகரத்து ஆரவீட்டு மரபுபற்றி 1927இலும், பல்லவர்பற்றி 1933இலும் அவர் வெளியிட்ட நூல்கள் இம்முறையில் அமைந்தவை. அவர் மாணவர் ஜோர்ஜ் மொராயஸ் கதம்பர் வரலாற்றை 1931இல் நூலாக்கினார். தம் கடந்த காலத்தைத் தாமே ஆராயும் தகுதி இந்திய இளைஞர்க்கு உண்டு என்பதற்கு இத்தகைய நூல்களே சான்று.

குறையையுஞ் சொல்லியாக வேண்டும். அந்நூல்களில் மன்னரும் படையெடுப்பும் பெற்ற இடத்தை உழவரும் கைவினைஞரும் பெறவில்லை. அக்குறை அவருக்கு மட்டும் உரியதன்று. அக்கால வரலாற்றியலுக்கே பொதுவானது.

இனிச் சிந்துவெளிக்கு வருவோம். அம்முத்திரைகளின் மொழி தொல்திராவிடம் எனக் கொண்ட அடிகளார், அவற்றைப் பெருந்தொகையாக வாசித்து, அப்பண்பாட்டை மத்தியதரைக் கடற்பகுதியோடும் தொடர்புறுத்தி 1953இல் பெருநூல் வெளியிட்டார். தமிழர் பலர் அதனைக் கொண்டாடினர். ஆயின் அவ்வாசிப்புகளை ஆய்வுலகம் ஏற்கவில்லை. இருமொழிப் பொறிப்பு எதுவுங் கிடைக்கவில்லை; முத்திரையொன்றிற் சராசரியாக ஐந்து குறிகளளவே உள்ளன. இத்துணைச் சிறு சான்றின்மேல் அத்துணைப் பெருங் கட்டடத்தை எழுப்ப இயலாது.

எனினும் அம்முயற்சி முற்றும் வீண்போகவில்லை. மீன் என்னுஞ் சொல் நீர்வாழ் உயிரையும் விண்மீனையும் குறிப்பதால், மீன் குறி விண்மீனைச் சுட்டலாம் என அவர் கருதினார். பின்வந்த பின்லாந்து அறிஞர் அஸ்கோ பர்ப்போலா இக்கருத்தை விரிவாக ஆராய்ந்தார். பெருமுடிவு நிலைக்கவில்லை, சோதிக்கத்தக்க சிறு கருத்து நிலைத்தது.

1955இல் அடிகளார் மறைந்தபின் அவர் நிறுவிய நிலையம் அவர் பெயரைப் பெற்றது. 1981இல் இந்திய அரசு அவர் நினைவாக அஞ்சல்தலை வெளியிட்டது. இவை சிறப்புகளே. ஆனால் அவர் முடிவுகளுள் நம் பெருமைக்கு உகந்ததை மட்டும் எடுத்துக்கொண்டு, அவர் கற்பித்த முறையைக் கைவிடுவது அவருக்குச் செய்யும் மரியாதையாகாது. பழமையைக் காட்டி ஓரினம் மற்றோரினத்தின் உரிமையை மறுக்கத் துணிந்ததை நம் நாட்டிற் கண்டு துன்புற்றவர் நாம். பிறர் கட்டிய புராணத்தை வரலாறன்று என மறுக்கும் நாம், நமக்கு இனிக்கும் கூற்றையும் அதே உரைகல்லில் உரைத்துப் பார்த்தல் வேண்டும். சான்று எங்கே என்ற கேள்வியே அடிகளார் விட்டுச்சென்ற கருவி. அதனை முதலில் அவர் நூலின்மீதே பயன்படுத்துவோமாயின், அவரை உண்மையில் கற்றவராவோம்.