மாமனார் அரசை மடக்கிய மருமகன்

இந்தியாவில் சட்டசபை உறுப்பினர்களுக்குக் கேள்வி கேட்கும் உரிமை 1892-ல்தான் கிடைத்தது. வந்த பதிலைக் குடைந்து துணைக் கேள்வி போட 1909 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அமைச்சர்களுக்கு வியர்ப்பதோ இந்தத் துணைக் கேள்வியில்தான். முதல் கேள்விக்கு அதிகாரிகள் பதில் எழுதிக் கொடுத்துவிடுவார்கள். அடுத்ததற்கு அமைச்சரே சமாளித்தாக வேண்டும்.

1957-ல் அப்படித்தான் மாட்டிக்கொண்டார் சென்னைக்காரரான நிதியமைச்சர் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. எல்.ஐ.சி. தொடங்கி ஒரு வருடம்கூட ஆகாத நேரம். கல்கத்தா வியாபாரி ஹரிதாஸ் முந்த்ராவின் தள்ளாடும் ஆறு கம்பெனிகளில் அது சுமார் ஒன்றேகால் கோடி ரூபாய்க்குப் பங்குகளை வாங்கியிருந்தது. முதலீட்டுக் குழுவைக் கேட்கவே இல்லை. பணமோ பாலிசிதாரர்களுடையது.

மக்களவையில் விடாமல் துளைத்தவர் எதிர்க்கட்சிக்காரர் அல்ல. ரேபரேலி காங்கிரஸ் உறுப்பினர், பிரதமர் நேருவின் மருமகன் ஃபெரோஸ் காந்தி! செப்டம்பரில் கிடைத்த மழுப்பல் பதிலோடு அவர் ஓயவில்லை. விவரங்களைத் திரட்டிக்கொண்டு டிசம்பர் 16-ம் தேதி மீண்டும் எழுந்தார்.

நேரு நீதிபதி எம்.சி. சாக்ளாவை விசாரிக்கச் சொன்னார். விசாரணை பொதுமக்கள் முன்னிலையில் நடந்தது. கூட்டம் தாங்காமல் வெளியே ஒலிபெருக்கி கட்டினார்கள். ஒரு மாதத்துக்குள் வேலை முடிந்தது. இன்றைய கமிஷன்களை நினைத்தால் பெருமூச்சுதான் வருகிறது.

1958 பிப்ரவரியில் கிருஷ்ணமாச்சாரி பதவி விலகினார். 1963-ல் மறுபடி நிதியமைச்சர் ஆனார். ஃபெரோஸ் 1960-லேயே காலமாகியிருந்தார்.