துப்பாக்கி உரிமமும் வட்டார வரலாறும்

நாடெங்கும் ஆயுதச் சட்டம் ஒன்றே. ஆயினும் துப்பாக்கி வாங்கும் வழக்கம் மாநிலத்துக்கு மாநிலம் மாறுபடுகிறது. 2016ஆம் ஆண்டின் இறுதியில் இந்தியாவில் 33,69,444 துப்பாக்கி உரிமங்கள் நடப்பில் இருந்தன என்று மத்திய உள்துறை அமைச்சகம் கணக்குக் காட்டிற்று. அவற்றுள் உத்தரப் பிரதேசத்தின் பங்கு 12,77,914. தமிழகத்தின் பங்கோ வெறும் 22,532. 2011ஆம் ஆண்டின் மக்கள்தொகையோடு வகுத்துப் பார்த்தால், அங்கே ஏறத்தாழ 156 பேருக்கு ஓர் உரிமம். இங்கே 3,200 பேருக்கு ஒன்று.

வடவர் வீரர், தென்னவர் சாதுக்கள் என்று இதற்கு விடை கூறுவோர் உளர். சரித்திரம் அதனை ஏற்காது. 1801இல் தென்னகப் பாளையங்கள் ஆங்கிலேயரை எதிர்த்துத் துப்பாக்கியும் வேலும் ஏந்திப் போரிட்டன. அவ்வாண்டு அக்டோபர் 24இல் மருது சகோதரர் தூக்கிலிடப்பட்டனர். டிசம்பரில் ஆளுநர் எட்வர்டு கிளைவ் விடுத்த பிரகடனம் பாளையங்களில் ஆயுதம் வைத்திருப்பதைத் தடை செய்தது. மலபாரிலோ, 1854இல் மாப்பிள்ளைமாரின் போர்க்கத்திகளைப் பறிக்கத் தனிச் சட்டமே இயற்றப்பட்டது. வீரம் இல்லாத மண்ணில் இத்தனை தடைகள் எதற்கு?

1857 புரட்சிக்குப் பின் அவத் நாட்டிலும் ஆயுதங்கள் களையப்பட்டன என்பது மெய்யே. ஆனால் அங்கே தாலுக்தார்கள் தம் நிலங்களையும் செல்வாக்கையும் மீண்டும் பெற்றனர். 1878ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் துப்பாக்கியை அரசின் அனுமதிக்கு உட்படுத்தியபோது, அவ்வனுமதியே கௌரவச் சின்னமாயிற்று எனலாம். சென்னை மாகாணத்திலோ பெரும்பகுதி ரயத்துவாரி முறையில் இருந்தது. ஆங்கிலேயருக்கு விசுவாசமானவர் எனக் கருதப்பட்ட குடகர்களுக்கு 1861 முதல் விலக்கு அளிக்கப்பட்டது; அது சிற்சில மாற்றங்களுடன் இன்றும் தொடர்கிறது. கைல்போத் திருநாளில் அவர்கள் துப்பாக்கியை மலர் சூட்டி வணங்குகின்றனர்.

ஆயினும் எண்ணிக்கையை மட்டும் நம்புதல் கூடாது. அதே 2016ஆம் ஆண்டுக் கணக்கில் ஜம்மு காஷ்மீர் 3,69,191 உரிமங்களுடன் இரண்டாம் இடம் பெற்றது. 1989 முதல் நீடித்த கலவரம் ஒரு காரணம். ஆனால் அங்கே வழங்கப்பட்டவற்றுள் இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்டவை, வெளி மாநிலத்தார்க்குக் கையூட்டுப் பெற்று முறையின்றி அளிக்கப்பட்டவை என்று மத்தியப் புலனாய்வுத் துறை பின்னர்க் குற்றம் சாட்டியது.

ஆக, துப்பாக்கியைப் பெருக்குவது குருதியில் ஊறிய குணமன்று. அதிகாரமும் அச்சமும் அந்தஸ்து ஆசையுமே. திருமணப் பந்தலில் மகிழ்ச்சிக்காக வானை நோக்கிச் சுட்ட குண்டு விருந்தினரைப் பலி கொண்ட செய்திகள் வடபுலத்தில் மீண்டும் மீண்டும் வந்ததால், 2019இல் அதனைக் குற்றமாக்கிச் சட்டம் திருத்தப்பட்டது. நம் முன்னோரிடமிருந்து ஆயுதம் பறிக்கப்பட்டது அவமானமே, அதில் ஐயமில்லை. ஆனால் இன்று நம் வீட்டுச் சுவரில் துப்பாக்கி தொங்காதிருப்பது நமக்குக் குறையன்று. அண்டை வீட்டாரை அஞ்சாமல் கதவைத் திறந்து வைக்கும் தெருவே உண்மையான காவல் பெற்ற தெரு.