சவரனும் கவரிங்கும்

திருத்தணி மலையடிவாரக் கடையில் ஒரே தட்டில் கிடக்கிற சங்கிலியைத் தமிழ்க்காரர் 'கவரிங்' என்கிறார். ரேணிகுண்டா பக்கமிருந்து வந்தவர் 'கில்ட்டு' என்கிறார், அல்லது 'ரோல்டு கோல்டு'. சித்தூர் மாவட்டத்திலிருந்து பிரிந்து 1960 ஏப்ரல் 1இல் தமிழ்நாட்டோடு சேர்ந்த ஊர் இது. எந்த மொழிக்கு எந்த மண் என்று அன்றைக்கு அவ்வளவு சண்டை. இந்தத் தட்டில் இரண்டு மொழியும் தோற்று இங்கிலீஷ் ஜெயித்திருக்கிறது. வேல் பொறித்த பதக்கத்துக்கே 'முருகன் டாலர்' என்றுதான் பேர்.

இதெல்லாம் போலி என்று முகம் சுளிப்பவர்கள் தங்கள் 'ஒரிஜினல்' எங்கிருந்து வந்தது என்று கொஞ்சம் யோசிக்கலாம். எட்டு கிராமைச் சவரன் என்கிறோம். சாவரின் பிரிட்டிஷ் பொற்காசு, எடை 7.98 கிராம், தரம் 22 காரட். பவுன் என்பதும் பவுண்டுதான். 'பொண்ணுக்கு எத்தன பவுன் போடுவீங்க' என்று சம்பந்தி கேட்கும்போது விக்டோரியா ராணியின் காசைத்தான் நிறுத்துக்கொண்டிருக்கிறோம். பரம்பரை நகையின் அளவுகோலே கப்பலில் வந்தது.

கலப்பு மேலிருந்து நடந்தபோது அதற்குக் கலை என்று பேர் வந்தது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் மெட்ராஸ் பி. ஆர் அண்ட் சன்ஸ் கம்பெனி விற்ற 'சுவாமி' பாணி நகைகளைச் சொல்லலாம். வடிவம் ஐரோப்பியம்: புரூச், பிரேஸ்லெட். மேலே புடைப்பாக நம்ம சாமிகள். 1875இல் வேல்ஸ் இளவரசர் மெட்ராஸ் வந்த காலத்தில் இந்தப் பாணிக்கு நல்ல மவுசு. கோயிலில் கும்பிட வேண்டியதைத் துரைசானி மார்பில் குத்திக்கொண்டாள். யாரும் தீட்டு என்று சொன்னதாகத் தெரியவில்லை. செதுக்கிய ஆசாரிகளின் பெயரை விட்டுவிட்டுக் கம்பெனியின் பெயரை வரலாறு வைத்துக்கொண்டது. இன்று அவை லண்டன் மியூசியப் பொருட்கள்.

கீழே நடந்த கதை வேறு. 1902இல் வெர்னாய் என்ற பிரெஞ்சுக்காரர் மாவை உருக்கிச் செயற்கை மாணிக்கம் எடுக்கும் முறையை அறிவித்தார். அந்த வகைக் கல்லுக்குப் பட்டை தீட்டுவது பின்னால் திருச்சி வட்டாரத்தின் குடிசைத் தொழிலாயிற்று. 1963 ஜனவரியில் தங்கக் கட்டுப்பாடு வந்தது. 14 காரட்டுக்கு மேல் புது நகை செய்யக்கூடாது என்றார்கள். பட்டறைகள் மூடின, ஆசாரிகள் தற்கொலை செய்துகொண்டார்கள். காரட் வரம்பு 1966இல் தளர்ந்தாலும், 1968இன் சட்டம் 1990 வரை இருந்தது.

ஆனால் தங்கம் எல்லோருக்கும் என்றைக்கு இருந்தது? 1930 டிசம்பரில் ராமநாதபுரத்தில் ஆதிதிராவிடர் மேல் ஆதிக்க சாதியினர் விதித்த எட்டுத் தடைகளில் முதலாவது, பொன் வெள்ளி நகை அணியக்கூடாது என்பது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. அதற்கு முன்பே 1915இல் கொல்லம் அருகே பெரிநாட்டில், அய்யன்காளியின் இயக்கத்தில் புலையர் பெண்கள் கல்மாலையை அறுத்தெறிந்தார்கள். பாசி போட்டே ஆகணும் என்பதும் பொன் போடாதே என்பதும் ஒரே கட்டளையின் இரண்டு வாக்கியங்கள். யார் எவர் என்று கழுத்தைப் பார்த்ததும் தெரியவேண்டும்.

சிதம்பரம் கவரிங் அந்தத் தெரிதலைக் குழப்புகிறது. பத்தடி தள்ளி நிற்பவனுக்குச் செம்பு எது, பொன் எது என்று சொல்ல முடியாது. மூலம், பிரதி பற்றி நாம் பாரிஸிலிருந்து தருவித்துப் படிக்கிறோம்; கவரிங் கடையிலேயே அது நடந்துகொண்டிருக்கிறது.

இதை விடுதலை என்று கொண்டாட நான் தயாரில்லை. ஆஸ்பத்திரிச் செலவுக்குக் கவரிங்கை அடகு வைக்க முடியாது. பொன்னின் பளபளப்பு பரவியிருக்கிறதே தவிர, அதன் பலம் பரவவில்லை. சம்பந்தி வீட்டுத் தராசும் அதை ஏற்பதில்லை.

போன தடவை போனபோது, 365 படியும் ஏறி இறங்கிவந்த ஒரு பெண் சங்கிலியைக் கையில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். 'கறுக்குமாண்ணா?'

'வேர்வ படாம பாத்துக்கம்மா, ஒண்ணும் ஆவாது' என்றார் கடைக்காரர்.