சிட்டையும் பேரேடும்

வியாசர்பாடியில் இரவு வேளையில் வாசல் திண்ணையில் அமர்ந்திருப்பவருக்குக் கடிகாரம் வேண்டுவதில்லை. சென்ட்ரலை விட்டுப் புறப்பட்டு, பேசின் பாலத்தைக் கடந்து, கோவைக்கும் பெங்களூருக்கும் மலையாள நாட்டுக்கும் விரையும் வண்டிகளின் ஓசையே மணி சொல்லிவிடும். 1856-ஆம் ஆண்டு சூலைத் திங்கள் முதல் நாள் இராயபுரத்திலிருந்து வாலாசா ரோடு வரை தென்னாட்டின் முதல் இரயில் ஓடியபோதும் இந்தப் பக்கமாகவே மேற்கு நோக்கிச் சென்றது. இன்று அவ்வண்டிகளில் உறங்கிச் செல்லும் ஒவ்வொரு பயணிக்கும் ஒரு பெட்டி எண்ணும் ஒரு படுக்கை எண்ணும் உண்டு. அந்தப் படுக்கை அன்றிரவு அவர் ஒருவருக்கே உரியது. கைக்குழந்தையோடு ஏறிய தாய் ஒருத்தி தன் படுக்கையில் வேறொருவர் படுத்திருக்கக் கண்டால், அவரிடமும் அதே எண் கொண்ட சீட்டு இருந்தால், அந்த இரவு அவளுக்கு எப்படிக் கழியும் என்று எண்ணிப் பாருங்கள். இவ்விபத்து நேராமல் காப்பது யார்? அந்தக் காவலின் வரலாற்றையே இன்று சொல்லப் புகுகிறேன்.

முன்னாளில் முன்பதிவு என்பது காகிதத்தில் நடந்த வேலை. ஒரு வண்டிக்கு, ஒரு நாளைக்கு, ஒரு பதிவேடு. அப்பதிவேடு ஓர் எழுத்தரின் கையில் இருக்கும்வரை மற்றோர் எழுத்தர் அதில் எழுத இயலாது. காகிதத்தின் குறை என்று நாம் கருதும் இதுவே அதன் பெரிய காவலாகவும் இருந்தது. வரிசை நீளும், ஆனால் ஒரே நொடியில் இரு கைகள் ஒரே கட்டத்தில் பெயர் எழுதுவது நடவாது. 1985-இல் டில்லியில் கணினி வழி முன்பதிவு தொடங்கிற்று. அடுத்த சில ஆண்டுகளில் சென்னை முதலிய பெருநகரங்களுக்கும் அது வந்தது. 1999-இல் நாடெங்கும் இருந்த நிலையங்கள் ஒன்றோடொன்று பிணைக்கப்பட்டன. அந்த ஏட்டை இப்போது ஆயிரக்கணக்கான சாளரங்கள் ஒரே நேரத்தில் பார்க்கின்றன. காகிதம் கேளாமலே கொடுத்த காவலைக் கணினிக்குள் மனிதர் தம் அறிவினால் மீண்டும் கட்ட வேண்டியதாயிற்று.

இச்சிக்கல் இரயிலுக்கு மட்டும் உரியதன்று. வங்கிக்கும் துறைமுகத்துக்கும் பத்திரப் பதிவு அலுவலகத்துக்கும் இதே சிக்கல்தான். இவற்றுக்கெல்லாம் பொதுவான வழியை வகுத்தவருள் முதலில் வைத்து எண்ணத்தக்கவர் எட்கர் காட் என்னும் ஆங்கிலேயர். இரண்டாம் உலகப் போரில் விமானப் படையில் பணியாற்றியவர். பின்னர் அமெரிக்காவில் சான் ஹொசே நகரத்து ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்தில் இருந்தவர். 1970-இல் அவர் வெளியிட்ட கட்டுரை ஒன்றில், தரவுகளை எளிய அட்டவணைகளாக வைத்தால் போதும் என்றார். பயணியர் அட்டவணை ஒன்று, படுக்கை அட்டவணை ஒன்று; இரண்டிலும் வரும் பொதுவான எண்ணே அவற்றின் உறவைக் காட்டும். எந்தக் குறிப்பு வட்டின் எந்த மூலையில் கிடக்கிறது என்று கேட்பவர் அறிய வேண்டுவதில்லை. இன்று உறவுமுறைத் தரவுத்தளம் என்று நாம் சொல்வது இதுவே. மிக எளிது என்று தோன்றுகிறதல்லவா? அன்று பலர் இது நடைமுறைக்கு ஒவ்வாது என்றே கருதினர்.

ஒவ்வும் என்று காட்ட அதே ஆய்வுக்கூடத்தில் 1974-ஐ ஒட்டித் தொடங்கிய முயற்சிக்குச் சிஸ்டம் ஆர் என்று பெயர். அங்கே பணியாற்றிய ஜிம் கிரே என்பவர், 'நடவடிக்கை' என்னும் கருத்துக்குத் தெளிவான இலக்கணம் வகுத்தார். பணம் பெறுவது, படுக்கையை ஒதுக்குவது, சீட்டு எண் தருவது என்னும் மூன்றும் சேர்ந்து ஒரு நடவடிக்கை. மூன்றும் நிறைவேற வேண்டும். அன்றேல் மூன்றும் நடவாதது போல் அழிய வேண்டும். இடைநிலை என்பது கிடையாது. ஒருவர் ஒரு வரியில் எழுதும்போது அவ்வரிக்குப் பூட்டு விழும், அடுத்தவர் காத்திருப்பார்.

பூட்டு என்றால் அதற்குரிய தொல்லையும் உடன் வரும். ஒருவர் முதல் வரியைப் பூட்டிக்கொண்டு இரண்டாம் வரிக்குக் காத்திருக்கிறார். மற்றவர் இரண்டாம் வரியைப் பூட்டிக்கொண்டு முதல் வரிக்குக் காத்திருக்கிறார். இருவரும் ஊழிக்காலம் வரை காத்திருக்க வேண்டியதுதான். இம்முட்டுக்கட்டையைத் தரவுத்தளம் தானே கண்டுபிடித்து, இருவரில் ஒருவரின் நடவடிக்கையை நீக்கி, மற்றவருக்கு வழிவிடும். நீக்கப்பட்டவருக்குப் பிழைச் செய்தி ஒன்று போகும். புதிதாக இத்தொழிலுக்கு வரும் இளைஞர் அச்செய்தியைக் கண்டு இயந்திரம் பழுதுற்றது என்று அஞ்சுவதுண்டு. பழுது அன்று, அது தன் கடமையைச் செய்ததற்கு அடையாளம். இருவரும் ஒரே ஒழுங்கில் வரிகளைத் தொடுமாறு நிரலை மாற்றி எழுதினால் அத்தொல்லை பெரும்பாலும் தீரும்.

இவையெல்லாம் மின்சாரம் இருக்கும்வரை. அது போய்விட்டால்?

கணினி வேலை செய்வது நினைவகத்தில். வட்டில் எழுதுவது மெதுவான வேலையாதலின், மாறிய பக்கங்களை உடனுக்குடன் எழுதாமல் வசதிப்பட்டபோது எழுதும். மின்சாரம் நின்றவுடன் நினைவகத்தில் உள்ளவை அழிந்து போகும். அப்போது இருவகைக் கேடுகள் நேர்கின்றன. முடிந்துவிட்டது என்று பயணிக்குச் சொல்லப்பட்ட வேலை வட்டுக்குப் போய்ச் சேர்ந்திராது. முடியாமல் பாதியில் நின்ற வேலையோ முந்திக்கொண்டு வட்டில் ஏறியிருக்கும். எது எந்நிலையில் நின்றது என்று பக்கங்களைப் பார்த்து மட்டும் சொல்ல இயலாது.

இதற்குரிய மருந்து நம் கடைவீதிகளில் நெடுங்காலமாக வழங்கி வந்ததே. பழைய மண்டிக்கடைகளில் கணக்கப்பிள்ளை வரவு செலவு நடந்த அப்போதே சிட்டையில் ஒரு வரி எழுதி வைப்பார். ஆளுக்கொரு பக்கமாகப் பிரித்துப் பேரேட்டில் ஏற்றுவது பிறகு, ஓய்வாக இருக்கும்போது. பேரேடு நனைந்து போனாலும் சிட்டையைக் கொண்டு அதை மீண்டும் எழுதிவிடலாம். சிட்டை தொலைந்தால் மீட்க வழியில்லை. தரவுத்தளமும் இவ்வாறே செய்கிறது. அட்டவணைப் பக்கத்தை வட்டில் மாற்றுமுன், இன்ன மாற்றம் செய்யப் போகிறேன் என்று ஒரு சிட்டையில் எழுதுகிறது. நடவடிக்கை முடிந்தது என்னும் வரி சிட்டையில் பதிந்து வட்டை அடைந்த பின்னரே, 'ஆயிற்று' என்று வாடிக்கையாளருக்குச் சொல்கிறது.

சிட்டையை எழுதிவிடலாம். வீழ்ந்த கணினி எழுந்தவுடன் அதை எவ்வாறு படிப்பது என்பதில்தான் நுட்பம் இருக்கிறது. அதனை முழுமையாக வகுத்தவருள் தலையாயவர் தமிழ்நாட்டில் பிறந்த சி. மோகன். சென்னை ஐ.ஐ.டி.யில் வேதிப் பொறியியல் பயின்று 1977-இல் பட்டம் பெற்றவர். அக்கல்வி நிலையத்தில் அந்நாளில் ஐ.பி.எம். 370 வகைப் பெருங்கணினி ஒன்று இருந்தது. வேதியியல் மாணவர் கணினித் துறைக்கு மாறி, டெக்சாஸ் பல்கலைக்கழகத்தில் 1981-இல் ஆராய்ச்சிப் பட்டம் பெற்று, காட் இருந்த ஐ.பி.எம். ஆய்வுக்கூடத்திலேயே சேர்ந்தார். அவரும் உடன் பணியாற்றிய நால்வரும் 1992-இல் வெளியிட்ட அறுபது பக்கத்துக்கு மேற்பட்ட கட்டுரையில் விளக்கிய முறைக்கு ஏரீஸ் என்று பெயர்.

அம்முறை சிட்டையை மூன்று முறை படிக்கிறது. முதல் முறை, வீழ்ந்த நொடியில் எவ்வெந் நடவடிக்கைகள் முடியாமல் நின்றன என்று அறிவதற்கு. இரண்டாம் முறை, நடந்தவற்றையெல்லாம் மீண்டும் நடத்துவதற்கு. இங்கேதான் நாம் வியப்படைய வேண்டும். முடிந்த வேலைகளை மட்டுமன்று, பாதியில் நின்று அழிக்கப்பட வேண்டிய வேலைகளையும் அது முதலில் அப்படியே திரும்பச் செய்கிறது. அழிக்கப் போவதை ஏன் செய்ய வேண்டும்? ஒரே பக்கத்தில் பலருடைய வரிகள் கலந்து கிடக்கின்றன. ஒருவருடையதைச் சேர்த்து மற்றவருடையதை விட்டுச் சென்றால் பக்கத்தின் நிலை குழம்பிவிடும். வீழ்ந்த நொடியில் இருந்த நிலையை உள்ளது உள்ளவாறு எழுப்பிய பின்னரே, மூன்றாம் முறை, பின்னோக்கிப் படித்து, முடியாதவற்றை ஒவ்வொன்றாக நீக்குகிறது. நீக்கிய செய்தியையும் சிட்டையில் எழுதுகிறது. ஆகவே மீட்சி நடக்கும்போதே மின்சாரம் இன்னொரு முறை போனாலும் கேடில்லை. விட்ட இடத்திலிருந்து தொடரும். ஒவ்வொரு பக்கமும் தன்மீது கடைசியாக ஏறிய சிட்டை வரியின் எண்ணைத் தாங்கியிருப்பதால், ஏறியதையே மறுபடியும் ஏற்றும் தவறும் நிகழாது. ஐ.பி.எம். நிறுவனத்தின் டி.பி.2, மைக்ரோசாஃப்டின் எஸ்.க்யூ.எல். சர்வர் முதலியவை இம்முறையைத் தழுவியே மீள்கின்றன. வங்கியில் உங்கள் கணக்கு மின்தடைக்குப் பின்னும் சரியாக இருப்பதில் இக்கட்டுரைக்கும் பங்குண்டு.

இவ்வளவு அரிய சிட்டையை மனிதர் என்ன செய்தனர் என்பது ஒரு வேடிக்கையான கதை. போஸ்ட்கிரெஸ் என்னும் தரவுத்தளத்தில் சிட்டை வைக்கப்பட்டிருந்த கோப்புறையின் பெயரில் 'லாக்' என்னும் சொல் இருந்தது. அதன் பொதுவான பொருள் நிகழ்ச்சிக் குறிப்பு. வட்டில் இடம் நிரம்பி வேலை நின்றுவிடும் நள்ளிரவில், சேவையகத்தைக் காப்பவர், 'வெறும் குறிப்புகள்தாமே' என்று அவற்றை அழித்து இடம் தேடுவார். அழித்தது பேரேட்டின் உயிர். இப்பிழை மீண்டும் மீண்டும் நேரவே, 2017-இல் வெளிவந்த பத்தாம் பதிப்பில் அக்கோப்புறையின் பெயரையே மாற்றிவிட்டனர். பெயர் ஒன்று எத்தனை பேரை வழுக்கி விழச் செய்தது பாருங்கள்! சிட்டை பெருகுவதற்குக் காரணம் வேறெங்கோ இருக்கும். அதைத் தொலைவில் நகல் எடுக்கும் மற்றொரு கணினி நின்று போயிருக்கலாம். காப்பகத்துக்கு அனுப்பும் பணி தடைப்பட்டிருக்கலாம். இடத்தைக் கூட்டி, தடையை நீக்கினால் சிட்டை தானே சுருங்கும்.

சிட்டையும் வட்டும் ஒருங்கே அழிந்தால் காப்புப் படியே கதி. அந்தப் படி அதே கட்டடத்தில் இருந்து பயனில்லை. மழை நாளில் கணேசபுரம் சுரங்கப் பாதையில் நீர் நிறைந்து நின்றதைக் கண்ட வியாசர்பாடி மக்களுக்கு இதை விளக்க வேண்டுவதில்லை. படி இருந்தால் மட்டும் போதாது, அது திரும்பி வருமா என்று பார்த்திருக்கவும் வேண்டும். 2017-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் இறுதி நாளில், கிட்லாப் என்னும் நிறுவனத்தின் பொறியாளர் ஒருவர், பழுதுற்ற துணைக் கணினியில் அழிக்க வேண்டிய கோப்புறையை, இரவு நெடுநேர உழைப்பின் களைப்பில், முதன்மைக் கணினியில் அழித்துவிட்டார். ஓரிரு நொடிகளில் உணர்ந்து நிறுத்தினார். அதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. அங்கே ஐந்து வகைக் காப்பு ஏற்பாடுகள் இருந்தன. அவற்றில் ஒன்றும் எண்ணியபடி கைகொடுக்கவில்லை. ஏறத்தாழ ஆறு மணி நேரத்துக்கு முன், வேறொரு காரணத்துக்காக, தற்செயலாக எடுத்து வைத்திருந்த ஒரு படியே காப்பாற்றிற்று. அந்த ஆறு மணி நேரத்து வேலை மீளவில்லை. சேவை மீண்டும் நடைபெறப் பதினெட்டு மணி நேரம் ஆயிற்று. அத்தனை நேரமும் அவர்கள் எதையும் மறைக்கவில்லை. எவரும் படிக்கும்படி திறந்து வைத்த ஏடு ஒன்றில், என்ன நேர்ந்தது, என்ன செய்கிறோம் என்று அவ்வப்போதே வரி வரியாக எழுதிக்கொண்டிருந்தனர்.